டெல்டாவில் கல்லூரி முதலாண்டு: உடம்பைக் கவனித்துக்கொள்ள ஒரு கைக்குறிப்பு

மேட்டூர் அணை திறப்பதற்கு வழக்கமான தேதி ஜூன் 12. தண்ணீர் சில நாளில் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிந்து கடைமடைக்குப் போகிற நேரமும், கல்லூரிகளில் முதலாண்டு வகுப்பு தொடங்குகிற நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டையும் சேர்த்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் முதலாண்டுப் பிள்ளைகளைப் படுக்கையில் தள்ளுகிற நோய்களில் பெரும்பாலானவை தண்ணீரோடு சம்பந்தப்பட்டவை. குடிக்காமல் விட்ட தண்ணீர், குடிக்கக்கூடாத தண்ணீர், தேங்கிய தண்ணீர், காலில் பட்ட தண்ணீர், ஆழம் தெரியாமல் இறங்கிய தண்ணீர். மீதி எல்லாம் காலையில் சாப்பிடாததாலும், இரவில் தூங்காததாலும், வாய் திறந்து சொல்லாததாலும் வருகிறவை.

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் ஒரு கல்லூரியில் வகுப்பெடுக்கிறேன். நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பும் இருப்பதால், மயங்கி விழுந்த பிள்ளையை ஆட்டோவில் ஏற்றுவதிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்வது வரை என் தலையில்தான் விழும். கண்ணால் பார்த்ததை வைத்து எழுதுகிறேன். ஜிம், புரோட்டீன் பவுடர், டயட் சார்ட் எதுவும் இதில் கிடையாது.

1. வீட்டில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை

அட்மிஷன் முடிந்து வகுப்பு தொடங்கும் வரை கொஞ்ச நாள் கிடைக்கும். அதில் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய் வாருங்கள்.

முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். பெண்களுக்கு 12 கிராம், ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. "எந்நேரமும் போனு, அதான் இப்படிச் சோந்து கெடக்குது" என்று வீட்டில் திட்டு வாங்குகிற பெண்களில் பல பேருக்கு உண்மைக் காரணம் ரத்தம் குறைந்ததுதான். இரும்புச்சத்து மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். அதைச் சாப்பிடும்போது மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்கள் அதிகம். நிறுத்த வேண்டாம்.

அடுத்து கண். பிளஸ் டூ வரை முதல் பெஞ்சில் உட்கார்ந்து சமாளித்தவர்களுக்கு, அறுபது பேர் உட்கார்கிற வகுப்பில் பின்னால் இடம் கிடைத்த பிறகுதான் போர்டு தெரியவில்லை என்பதே தெரிய வரும். சாயங்காலமானால் வருகிற தலைவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே ஒரு செமஸ்டரை ஓட்டிவிடுவார்கள். பதினாறு வயதில் போட வேண்டிய டி.டி. ஊசி போட்டாயிற்றா என்பதையும் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீசிங், வலிப்பு, சர்க்கரை, தைராய்டு என்று ஏற்கெனவே ஏதாவது இருந்தால், கூடத் தங்குகிற ஒருவரிடமாவது, வகுப்பு ஆசிரியர் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். வலிப்பை மறைக்கச் சொல்லி வீட்டிலேயே சொல்லி அனுப்புவார்கள், பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம், நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும் என்ற கவலை. ஆனால் வகுப்பில் வலிப்பு வரும்போது சுற்றி நிற்கிற நாற்பது பேரும் ஓடிப்போய்ச் சாவிக்கொத்தைத் தேடுவார்கள். கையில் இரும்பு கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், தலைக்குக் கீழே துணி ஏதாவது வைத்துவிட்டு மணியைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. இது தெரிந்த ஒரு ஆள் பக்கத்தில் இருப்பதற்காகவாவது சொல்லி வையுங்கள்.

விடுதிக்கோ வாடகை ரூமுக்கோ போகிறவர்கள் பையில் வைக்க வேண்டியவை: கொசுவலை, டார்ச், தெர்மாமீட்டர், பாராசிட்டமால், நாலைந்து ஓ.ஆர்.எஸ். பொட்டலம், காயத்துக்கு மருந்து, மூடி போட்ட தண்ணீர் பாட்டில், தனித் துண்டு இரண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை குடும்பத்துக்கு இருந்தால் அதன் நகல் ஒன்று.

2. காலைச் சாப்பாடு

டெல்டாவில் கல்லூரி என்றால் விடுதியை நினைக்காதீர்கள். அரசு கலைக் கல்லூரிகளில் பாதிக்கு மேல் டேஸ்காலர்தான். வலங்கைமானுக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர், பாபநாசத்துக்கு அந்தப்பக்கம் ஒரு ஊர் என்று வருவார்கள். மெயின் ரோட்டுக்கு நடந்து வந்து, டவுன் பஸ் பிடித்து, பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு பஸ் ஏற வேண்டும். காலை ஷிப்ட் என்றால் வீட்டை விட்டு ஏழு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். குறுவை நடவு நேரமென்றால் அம்மா அதற்கு முன்பே வயலுக்குப் போயிருப்பார். உலை வைக்கவே ஆள் இருக்காது.

பத்து மணிக்கு அம்மாவிடமிருந்து போன் வரும்.

"சாப்ட்டியாம்மா?"

"ம்... சாப்ட்டேன்ம்மா."

பதினொரு மணிக்கு அந்தப் பெண் கெமிஸ்ட்ரி லேபில் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். முந்தின நாள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டது, நடுவில் ஒரு டீ, அவ்வளவுதான். மயக்கத்துக்குத் தண்ணீர் தெளித்து, குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, "சாப்பிட்டியா" என்று நான் கேட்டாலும் முதலில் "சாப்பிட்டேன் சார்" என்றுதான் வரும்.

இதற்கு விசேஷமாக எதுவும் சமைக்க வேண்டியதில்லை. இரவே தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோற்றில் தயிரோ மோரோ விட்டு, கூடச் சின்ன வெங்காயம் வைத்துக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். அது இறங்காது என்கிறவர்கள் இரண்டு வாழைப்பழமும் ஒரு பிடி வேர்க்கடலையும் பஸ்ஸிலேயே சாப்பிடலாம். அவித்த முட்டை, முதல் நாள் சுண்டல், பொட்டுக்கடலை உருண்டை எதுவானாலும் சரி. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அது வீட்டுச் செலவில் கரைந்துபோவது எனக்குத் தெரியும். அதில் ஒரு சிறு பங்கையாவது முட்டைக்கும் பழத்துக்கும் என்று ஒதுக்கச் சொல்லி வீட்டில் பேசிப் பாருங்கள்.

டீயைப் பற்றி ஒரு வார்த்தை. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கிற டீயும் காபியும் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். முருங்கைக்கீரை சாப்பிடுகிற அன்று ஒரு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் அந்தச் சத்து நன்றாகச் சேரும். வீட்டுக் கொல்லையில் முருங்கை நிற்கிறவர்கள்தான் கீரையைத் தொடாமல் இருக்கிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம்.

விடுதி மெஸ்ஸைப் பற்றி நான் என்ன சொன்னாலும் நீங்கள் திட்டத்தான் போகிறீர்கள். சாம்பார் தண்ணீராக இருக்கும், பொரியல் தீர்ந்துபோயிருக்கும். அதற்காக ராத்திரி ராத்திரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் பரோட்டாவுக்குப் போய்விடாதீர்கள். வாரத்துக்கு ஒரு நாள் போங்கள், தப்பில்லை. மற்ற நாளில் மெஸ் சோற்றோடு ஒரு முட்டை, ஒரு கப் தயிர், ஒரு பழம் என்று கையில் இருந்து சேர்த்துக்கொண்டால் போதும்.

3. குடிக்கிற தண்ணீர், அடக்குகிற சிறுநீர்

பெரும்பாலான கல்லூரிகளில் வராந்தா மூலையில் ஒரு ஸ்டீல் குழாய்த் தொட்டி இருக்கும். அதில் ஒரு டம்ளர் சங்கிலியால் கட்டித் தொங்கும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த ஒரே டம்ளர் நூறு வாயைப் பார்த்துவிடும். பாட்டிலை நேராகக் குழாயில் பிடியுங்கள், டம்ளரைத் தொடாதீர்கள். ஆர்.ஓ. என்று எழுதியிருந்தாலும் பில்டர் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள், கேட்கிற ஆள் இல்லாததுதான் குறை.

வாடகை ரூமில் இருப்பவர்கள் கேன் தண்ணீர் வாங்குவீர்கள். மூடியில் சீல் இருக்கிறதா என்று பாருங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்பு என்பதால் எப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டும். உள்ளே தள்ளி இருக்கிற ஊர்களில் போர் தண்ணீர் தித்திப்பாக இருக்கும், அதனாலேயே காய்ச்சாமல் குடித்துவிடுவோம். மழைக்காலத்தில் குழாய் உடைந்து சாக்கடை கலந்தால் ருசியில் வித்தியாசம் தெரியாது. டைபாய்டும் மஞ்சள் காமாலையும் அப்படித்தான் வருகின்றன. நன்றாகக் கொதித்த பிறகு இறக்கி ஆறவைத்துக் குடியுங்கள். காமாலை வந்துவிட்டால் கையில் கீழாநெல்லியைக் கசக்கிக் கொடுத்துவிட்டு எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லுகிற ஆள் கட்டாயம் வருவார். ரத்தம் எடுத்து எந்தக் காமாலை என்று பார்க்காமல் நாட்டு மருந்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

இனி, வகுப்பில் யாரும் சொல்லாத விஷயம். கழிப்பறை மோசமாக இருப்பதால் காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் நான்கு மணி வரை தண்ணீரே குடிக்காமல் இருக்கிற பெண்கள் எத்தனையோ பேர். குடித்தால் போக வேண்டிவரும், போகிற இடத்தில் தாழ்ப்பாள் இருக்காது, தண்ணீர் வராது. இரண்டு மாதத்தில் நீர்க்கடுப்பு. எரிச்சல், அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போவது, அடிவயிற்று வலி. அதோடு குளிர் காய்ச்சலும் இடுப்புக்கு மேலே முதுகில் வலியும் சேர்ந்தால் தொற்று சிறுநீரகம் வரை போயிருக்கலாம், அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். எந்த மாடிக் கழிப்பறை நன்றாக இருக்கிறது என்பதைச் சீனியர் அக்காக்களிடம் முதல் வாரமே கேட்டுவிடுங்கள். அவர்களுக்கு நிச்சயம் தெரியும். நூலகத்துக்குப் பக்கத்தில் உள்ளது, பேராசிரியைகள் பயன்படுத்துவது என்று ஏதாவது ஒன்று உருப்படியாக இருக்கும். இரண்டு வகுப்புக்கு ஒருமுறை கட்டாயம் போய் வாருங்கள். தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை என்றால் நான்கைந்து பேர் கையெழுத்துப் போட்டு முதல்வருக்குக் கடிதம் கொடுங்கள். வாயால் சொன்னால் காற்றில் போகும், தாளில் கொடுத்தால் பதில் சொல்லியாக வேண்டும்.

4. தூக்கம்

பதினெட்டு வயதுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். போனைத் தலையணைக்கு அடியில் வைக்காமல் எட்டாத தூரத்தில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. பரீட்சைக்கு முந்தின இரவு சாயங்காலத்திலிருந்து டிகிரி காபியாகக் குடித்துத் தள்ளுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: காபியில் உள்ள காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் போல ஆகும். ஒன்பது மணிக் காபி இரண்டு மணிக்கும் உள்ளே நின்று வேலை செய்துகொண்டிருக்கும்.

5. தோல்: மருந்துக் கடை டியூபை நம்பாதீர்கள்

விடுதியில் முதல் மூன்று மாதத்துக்குள் ஏறக்குறைய எல்லா ரூமிலும் ஒருவருக்காவது அரிப்பு வரும். வியர்வை, காயாத ஜட்டி, இரவல் வாங்கின துண்டு, இறுக்கமான ஜீன்ஸ். டெல்டாவின் புழுக்கத்தில் இதெல்லாம் சேர்ந்தால் படர்தாமரை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். இடுப்பு, தொடை இடுக்கில் வட்டமாக, ஓரம் தடித்துச் சிவந்து, நடுவில் ஆறின மாதிரி இருக்கும். அந்த இடத்தை டாக்டரிடம் காட்ட வெட்கம். பையன் நேராக மருந்துக் கடைக்குப் போவான்.

"அண்ணே, அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்கண்ணே."

"எங்க தம்பி?"

"இடுப்புல."

"இந்தா, இத ரெண்டு வேள போடு. மூணே நாள்ல போயிரும்."

போய்விடவும் செய்யும். அதுதான் சிக்கல். அந்த டியூப்களில் பல, பூஞ்சை மருந்தோடு க்ளோபீட்டசால் மாதிரி ஸ்டீராய்டையும் கலந்தவை. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் உடனே அமுக்கிவிடும், பூஞ்சை உள்ளே சுகமாக வளரும். டியூபை நிறுத்திய வாரத்திலேயே இரண்டு மடங்காகத் திரும்பி வரும். மறுபடி அதே டியூப். நாலைந்து மாதம் இப்படிப் போட்டவர்களுக்குத் தொடையில் தோல் மெலிந்து வரிவரியாகப் பிளந்துவிடும், அந்தத் தழும்பு போகாது. டியூபின் பின்னால் உள்ள பொடி எழுத்தைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். மூன்று நான்கு மருந்துப் பெயர் வரிசையாக இருந்தால் வாங்காதீர்கள். அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் காட்டி, பூஞ்சை மருந்து மட்டும் உள்ளதை, மறைந்த பிறகும் சொன்ன நாள் வரை போட வேண்டும். துணியை உள்பக்கம் திருப்பி வெயிலில் காயவைத்து உடுத்துங்கள். மழை நாளில் காயாவிட்டால் இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள்.

விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, ராத்திரியில் அதிகம் அரித்தால் அது சிரங்கு. கண்ணுக்குத் தெரியாத பூச்சியால் வருவது, ரூம் முழுக்கப் பரவும். பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை இரவில் பூசிக் காலையில் குளிக்க வேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. ரூமில் உள்ள எல்லோரும் ஒரே இரவில் பூசினால்தான் போகும். "எனக்கு ஒண்ணுமில்ல" என்கிற அந்த ஒரு ஆளிடமிருந்துதான் மறுபடி எல்லோருக்கும் வரும்.

6. ஐப்பசி, கார்த்திகை

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. முதல் செமஸ்டர் தேர்வும் அதே நேரம். கஜா புயல் வந்த 2018 நவம்பரில் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாததால் குடிதண்ணீரும் இல்லை. புயல் அறிவிப்பு வந்தால் குடத்தில் தண்ணீர் பிடித்து மூடி வைப்பது, போனுக்குச் சார்ஜ் ஏற்றுவது, மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பத்து நாளுக்கு வாங்கி வைப்பது, இதெல்லாம் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

டெங்குக் கொசு பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில் முட்டையிடும். விடுதிக் குளியலறையில் யாருடையது என்றே தெரியாமல் கிடக்கிற வாளி, ஜன்னல் ஓரத்து மணி பிளாண்ட் பாட்டில், பின்னால் கிடக்கிற டயர், கொட்டாங்கச்சி. வாரம் ஒருமுறை கொட்டிக் கவிழ்த்துத் தேய்த்துவிட்டால் முட்டை கொசுவாகவே மாறாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு ரூமுக்கு ஒரு ஆள் என்று பிரித்துக்கொண்டால் அரை மணி நேர வேலை.

காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? பாராசிட்டமால் மட்டும். 650 மில்லிகிராம் என்றால் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். உடம்பு வலிக்கிறது என்று ஆஸ்பிரின், புரூபென் வகை மாத்திரைகள் போடக்கூடாது, டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். கஞ்சி, இளநீர், மோர், ஓ.ஆர்.எஸ். என்று மாற்றி மாற்றிக் குடியுங்கள். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றால் ரத்தப் பரிசோதனை. டெங்குவில் கவனமாக இருக்க வேண்டியது காய்ச்சல் விட்ட பிறகுதான். "விட்டுருச்சு சார், நாளைக்கு இன்டர்னல் இருக்கு" என்று கிளம்பி வருகிற நாள் ரொம்ப ஆபத்தான நாள். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிட்டுப் போவது, மயக்கம், இவற்றில் ஒன்று வந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு. நிலவேம்புக் குடிநீர் அரசே கொடுக்கிறது, குடியுங்கள். குடித்தாயிற்று என்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

எலிக்காய்ச்சல் நெல் விளைகிற பூமிக்கே உரியது. வயல் எலியின் சிறுநீர் வெள்ளத்தில் கலந்து, காலில் உள்ள சின்ன வெடிப்பு வழியாக உள்ளே போகும். மழைத் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறவர்களே, செருப்பு போனால் போகட்டும், போட்டுக்கொண்டு நடங்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவுங்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், கெண்டைக்கால் பிடித்து வலிப்பது, கண் சிவப்பது என்று வந்தால் டாக்டரிடம் "வெள்ளத்தண்ணியில நடந்தேன்" என்று நீங்களாகச் சொல்ல வேண்டும். அவர் கேட்காமல் விடலாம்.

பாம்பு. வயலில் தண்ணீர் ஏறினால் அதுவும் மேட்டைத் தேடி வரும். வயலோரம் வாடகைக்கு எடுத்த ரூமில் பாயை விரித்துத் தரையில் படுக்கிறவர்களுக்குக் கட்டுவிரியன்தான் எமன். இரவில் வரும், கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடியற்காலையில் காரணம் தெரியாத வயிற்று வலி, தொண்டை அடைப்பு, இமை தானாகக் கீழே இறங்குவது என்று தொடங்கினால் "கேஸ்" என்று சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிப் படுத்தால் கொசுவும் வராது, விரியனும் வராது. கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான், அரசு மருத்துவமனையில் இருக்கிறது.

நாய் கடித்தாலும் கீறினாலும் முதல் வேலை, குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது. மஞ்சள், சுண்ணாம்பு தடவக்கூடாது. அன்றைக்கே ஊசி தொடங்கி எல்லாத் தவணையும் போட்டு முடிக்க வேண்டும். வெறிநோய் வந்துவிட்டால் வைத்தியம் கிடையாது.

7. ஆறு

ஒவ்வொரு ஆடியிலும் செய்தித்தாளில் வருகிற செய்திதான். நண்பர்களோடு குளிக்கப் போனவர்கள். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய குழிகள் மேலிருந்து பார்த்தால் தெரியாது, முழங்கால் தண்ணீரிலிருந்து ஒரே எட்டில் ஆளை விழுங்கும் ஆழம். புது ஆற்றில் கரைக்கு சிமெண்ட் போட்ட இடங்களில் நீச்சல் தெரிந்தவனாலும் பிடித்து ஏற முடியாது, பாசி வழுக்கும். உள்ளூர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையில், அவர்கள் குளிக்கிற நேரத்தில், அவர்கள் நிற்கிற இடத்தில் குளியுங்கள். ஒருவன் மூழ்கினால் அடுத்தவன் குதிக்காதீர்கள். வேட்டி, துப்பட்டா, கயிறு, காலி கேன் எதையாவது வீசுங்கள்.

8. மனசு

திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்று வலி வருகிற பிள்ளைகள் உண்டு. நடிப்பில்லை, நிஜமாகவே வலிக்கும். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்து நல்ல மார்க் வாங்கி, பி.எஸ்சி. முதல் வகுப்பில் ஒரு மணி நேரம் இங்கிலீஷ் ஓடும்போது ஒன்றும் புரியாமல், மற்றவர்கள் தலையாட்டுவதைப் பார்த்துத் தானும் தலையாட்டி, நமக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள். தலையாட்டின பாதிப் பேருக்கும் புரியவில்லை. வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் போய் "சார், தமிழ்ல ஒருக்கா சொல்லுங்க" என்று கேளுங்கள். கேட்ட பிள்ளையை நான் மறந்ததில்லை, நல்ல விதமாகத்தான்.

வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர்களுக்கு இன்னொரு பாரம். வட்டிக்கு வாங்கிக் கட்டின பணம், அதனால் "பிடிக்கலை" என்று சொல்லவே உரிமை இல்லை என்ற நினைப்பு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் ஒட்டவில்லை என்றால் யாரிடமாவது சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது. 14416 என்பது டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 2022இல் தொடங்கியது, இரவு பகல் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவ உதவி எண் 104லும் பேசலாம். ஒரு தோழியோ தோழனோ "இருந்து என்ன ஆகப்போவுது" என்று பேசத் தொடங்கினால், சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியாக விடாதீர்கள். வீட்டாருக்குத் தகவல் சொல்லும்போது, பூச்சிமருந்தைப் பூட்டி வைக்கவும் சொல்லுங்கள்.

ராகிங்கைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. 1996இல் சிதம்பரத்தில் ஒரு முதலாண்டு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகு 1997லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. 1800-180-5522 அகில இந்திய ராகிங் தடுப்பு எண்.

9. உதட்டுக்குள் வைப்பது, மற்றவை

சிகரெட்டை விட எனக்கு இப்போது கவலை கூல் லிப், ஹான்ஸ் வகையறாப் புகையிலை. வகுப்பில் உட்கார்ந்துகொண்டே உதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்ளலாம், புகையும் கிடையாது, வாசனையும் தெரியாது. தமிழ்நாட்டில் தடை இருந்தும் கிடைக்கிறது. கீழுதட்டின் உள்பக்கம் வெள்ளைப் படலம், காரம் பட்டால் எரிச்சல், வாயை முழுதாகத் திறக்க முடியாமை, இவை வந்தால் அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் உடனே காட்டுங்கள். குடியைப் பற்றி நான் சொல்லி யாரும் கேட்டதில்லை. குடித்துவிட்டு பைக் எடுக்காதீர்கள், எடுக்கிறவன் பின்னால் ஏறாதீர்கள். பஸ்ஸில் இடம் இல்லை என்றால் அடுத்த பஸ். படிக்கட்டில் தொங்க வேண்டாம்.

தை, மாசியில் சம்பா அறுவடை. மெஷின் ஓடுகிற வயலோரம் காற்றெல்லாம் தூசி, பதர். வீசிங் உள்ளவர்கள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, இன்ஹேலரைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஹேலர் பழக்கமாகி விட முடியாமல் போய்விடும் என்பது வீண் பயம். சித்திரை வெயிலில் வியர்த்துத் தலை சுற்றினாலோ வயிற்றுப்போக்கு வந்தாலோ ஓ.ஆர்.எஸ். குடியுங்கள். அது இல்லாவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி அளந்தது.

10. ஆஸ்பத்திரிக்குப் போகிற விதம்

தனியாகப் போகாதீர்கள், ஒரு ஆள் துணை வேண்டும். புறநோயாளிப் பிரிவு காலையில்தான், எட்டு மணிக்கே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிட்டால் பத்துக்குள் பார்த்துவிடலாம். சாதாரணக் காய்ச்சலுக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் போதும். பெரிதாகத் தெரிந்தால் கும்பகோணம் அரசு மருத்துவமனை, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், திருச்சி மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை இவற்றில் எது கிட்டமோ அது. என்றைக்குத் தொடங்கியது, இதுவரை என்ன மாத்திரை போட்டீர்கள், மாதவிலக்கு கடைசியாக எப்போது, மருந்து எதற்காவது ஒவ்வாமை உண்டா என்று நான்கு வரி ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் முன்னால் எல்லாம் மறந்துபோகும். "ஊசி போடுங்க" என்று நீங்களாகக் கேட்காதீர்கள். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் சொன்ன நாள் வரை முடித்துவிடுங்கள், மிச்சத்தை ரூம்மேட்டுக்குத் தானம் கொடுக்காதீர்கள்.

மருத்துவச் சான்றிதழை அன்றைக்கே, அங்கேயே கேட்டு வாங்குங்கள். அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போன பிறகு, தேர்வுக் கட்டணம் கட்டுகிற வாரத்தில் வந்து நின்றால் எந்த டாக்டரும் பழைய தேதி போட்டுத் தர மாட்டார், துறைத் தலைவரும் ஏற்றுக்கொள்ள மாட்டார். ஒரு நகலைத் துறையில் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிய இன்னொரு நகலைக் கோப்பில் வையுங்கள்.